ஆவணியில் எடுக்கும் கத்தரி: டர்பன் வீட்டுப் பூச்செடிகளை மீட்க

வாசல் கேட்டை ஒட்டிய செம்பருத்தி கூரை உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். கீழ்ப்பாதி முழுக்க மொட்டைத் தண்டு. இலையும் பூவும் கைக்கு எட்டாத உச்சியில் மட்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஐசிப்பிங்கோ பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு செடியாவது பார்க்கலாம். சாமிக்குப் பூ வேண்டும் என்று பாட்டி காலத்தில் வைத்ததாக இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு நர்சரியில் புதுச்செடி வாங்குவதற்கு முன், இருப்பதை மீட்கப் பாருங்கள். வேர் நன்றாக ஓடிய செடி, சரியாக வெட்டினால் ஒரே கோடையில் புதர் கட்டிவிடும். புதுச்செடி அந்த அளவுக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும்.

முதலில் மாதத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழில் கிடைக்கும் கவாத்து (கிளை வெட்டும்) குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே தமிழ்நாட்டுப் பருவத்துக்கு எழுதியவை. அங்கே குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள். குளிர் முடிந்து மாசி வெயில் ஏறும்போது மொட்டு வரும். அதைப் படித்துவிட்டு டர்பனில் நவம்பரில் வெட்டினால், பூக்கத் தயாராக நிற்கும் கிளையைத்தான் வெட்டிப் போடுவீர்கள். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். மழை அக்டோபர் முதல் மார்ச் வரை. அதனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம் செடி உறங்கும் காலம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும், அதாவது ஆகஸ்ட் பின்பாதியில், கத்தரியை எடுக்கலாம். இது கடற்கரையோரக் கணக்கு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளப்பகுதிகளிலும் ஜொகனஸ்பர்க்கின் லெனேசியா போன்ற இடங்களிலும் உறைபனி உண்டு. அங்கே செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ ஆகியவற்றைச் செப்டம்பர் நடுவுக்கு முன் தொடாதீர்கள். பனியில் கருகிய உச்சி பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். கீழே உள்ள மொட்டுக்கு அதுதான் போர்வை.

வெட்டுவதற்கு முன் வேரைப் பாருங்கள்

நோயாளிச் செடியைக் கண்டதும் கத்தரியை எடுப்பது பெரும் தவறு. இலைதான் செடிக்குச் சமையலறை. வேர் அழுகியிருக்கும்போது இருக்கும் இலையையும் வெட்டிவிட்டால், புதுத்தளிர் விடத் தேவையான சத்து எங்கிருந்து வரும்? காரணத்தைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, செடி ஒரு சுற்றுத் தளிர் விட்ட பிறகுதான் பெரிய வெட்டு.

உயிர் இருக்கிறதா என்று அறிய, கிளையின் மேல்தோலை நகத்தால் லேசாகக் கீறுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் கிளை உயிரோடிருக்கிறது. பழுப்பாக, உலர்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. அரை அடி கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். தூர் வரை பழுப்பு என்றால்கூட, கோடை மழை தொடங்கி ஆறு வாரம் வரை பொறுங்கள். மண்ணுக்கடியிலிருந்து போத்து, அதாவது புதுத்தண்டு, வரக்கூடும்.

அடுத்து நீர் வடிகால். செடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி தோண்டி, நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த இடத்தில் உரம் போட்டுப் பயனில்லை. மண்ணைக் கிளறி கம்போஸ்ட் சேர்க்க வேண்டும், அல்லது செடியை மேடாக்கிய பாத்திக்கு மாற்ற வேண்டும். டர்பனின் மேட்டுப்பகுதியில் இருக்கும் பெரியா செம்மணலில் இதற்கு நேர்மாறான தொல்லை: நீர் நிற்காது, போட்ட உரம் ஒரு கனமழையில் அடித்துக்கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உரம், மேலே காய்ந்த இலை, புல் பரப்பிய கனமான மூடாக்கு.

இலை நிறத்தைத் தவறாமல் படியுங்கள். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. நம் வீடுகளில் இதற்குப் பொதுவான காரணம் சிமெண்ட். முற்றத்தை காங்கிரீட் போட்டு மூடி, சுவரோரம் ஓரடி மண்ணில் இட்லிப்பூவையும் கார்டினியாவையும் வைத்திருப்போம். காங்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும், புளிப்பு மண் விரும்பும் இந்தச் செடிகள் மண்ணில் இரும்பு இருந்தும் எடுக்க முடியாமல் வெளுக்கும். இரும்புக் கீலேட் (செடி எளிதில் எடுக்கும் வடிவிலான இரும்பு) கரைசலை டப்பாவில் சொன்ன அளவில் ஊற்றுவது உடனடி மருந்து. நிலையான தீர்வு, பெரிய தொட்டிக்கு மாற்றுவதுதான். மாறாக, பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழுந்தால் மெக்னீசியக் குறை. பத்து லிட்டர் நீரில் 20 கிராம் எப்சம் உப்பு கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். பழைய இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, அல்லது நீர் தேக்கம். இரண்டில் எது என்பதை மேலே சொன்ன குழி காட்டிக்கொடுக்கும்.

தொட்டிச் செடியைச் சாய்த்து வெளியே உருவிப் பாருங்கள். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றிப் பந்துபோல இறுகியிருந்தால், பந்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கத்தியால் 2 செ.மீ. ஆழம் கீறி, விட்டத்தில் 5 செ.மீ. பெரிய தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டி நல்லதுதானே என்று ஒரேயடியாக இரண்டு மடங்கு எடுத்தால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை வரவழைக்கும்.

எந்தக் கிளையில் பூக்கிறது?

செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்று தெரியாமல் வெட்டினால் ஒரு வருடப் பூ போகும். புதுத்தளிரில் பூப்பவை ஒரு கூட்டம்: செம்பருத்தி, குண்டுமல்லி, காகிதப்பூ, ரோஜா, இந்த மண்ணுக்கே உரிய நீலப் பிளம்பேகோ. இவற்றைக் குளிர் முடியும் நேரத்தில் வெட்டலாம்; எவ்வளவு புதுத்தளிரோ அவ்வளவு பூ.

போன வருடக் கிளையில் மொட்டைத் தயாராக வைத்திருப்பவை மறு கூட்டம்: அசேலியா, கமேலியா, ஊதாவாய்ப் பூத்து வெள்ளையாக மாறும் ‘நேற்று இன்று நாளை’ செடி, கிறிஸ்துமஸ் சமயத்தில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா. இவற்றை ஆவணியில் வெட்டினால் வசந்தத்தில் இலை மட்டும்தான். பூத்து ஓய்ந்த உடனே வெட்டுங்கள். அசேலியாவுக்கும் நேற்று இன்று நாளைக்கும் அது பெரும்பாலும் அக்டோபர், நவம்பர், ஹைட்ராஞ்சியாவுக்குப் பிப்ரவரி. ஹைட்ராஞ்சியாவில் வாடிய பூவுக்குக் கீழே முதல் பருத்த மொட்டு இணைக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். ஜூலையில் மெலிந்த குச்சிகளை மட்டும் தூரோடு எடுக்கலாம்.

பெயர் தெரியாத செடியா? ஒரு வருடம் வெட்டாமல், எந்த மாதம், கிளையின் எந்தப் பகுதியில் பூ வருகிறது என்று பாருங்கள். காலண்டரில் குறித்துக்கொண்டால் அடுத்த வருடம் சந்தேகம் வராது.

மீட்கக் கூடாத செடிகளும் உண்டு. ஒற்றை இதழ் அரளியும், காடாய்ப் படரும் உண்ணிச்செடியும் தென்னாப்பிரிக்க அயல் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் 1பி வகையில் வருபவை. வளர்க்கவோ விற்கவோ கூடாது, கட்டுப்படுத்த வேண்டும். அரளியை எடுக்கும்போது கையுறை போடுங்கள். அதை எரிக்கவே கூடாது, புகையும் நஞ்சு.

கருவிகள்

இரண்டு அலகும் ஒன்றை ஒன்று உரசிப் போகும் செக்கட்டர்ஸ் வாங்குங்கள். ஓர் அலகு தட்டையான பலகைமேல் விழும் வகை பச்சைத் தண்டை நசுக்கும். அது காய்ந்த குச்சிக்கு மட்டும். சுண்டுவிரல் தடிமன் வரை செக்கட்டர்ஸ், 4 செ.மீ. வரை நீண்ட பிடி லாப்பர், அதற்கு மேல் மடக்கு ரம்பம். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். நோய்ப்பட்ட கிளை என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். ஜிக் ப்ளீச் கலந்த நீரும் கிருமியைக் கொல்லும். ஆனால் உடனே கழுவி எண்ணெய் பூசாவிட்டால் அலகு துருப்பிடித்துவிடும்.

அடர்ந்த புதருக்குள் கை விடுவதற்கு முன் நீண்ட குச்சியால் நன்றாகக் கலைத்துவிடுங்கள். கடற்கரை நட்டாலில் புதருக்குள் பாம்பு இருப்பது அபூர்வமல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் குருவிகள் கூடு கட்டத் தொடங்கும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டு வையுங்கள். வெட்டிய கிளைகளை அன்றே மூட்டை கட்டாமல் ஒரு இரவு செடியருகே போட்டு வைத்தால், டர்பன் தோட்டங்களில் வாழும் சிறு குட்டைப் பச்சோந்திகள் இறங்கி வேறு செடிக்குப் போய்விடும். அவை பூச்சி தின்பவை. அவற்றைக் காப்பாற்றுவது செடிக்கும் நல்லது.

வெட்டும் முறை

கிழடான செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம்; மற்றவற்றுக்கும் வரிசை இதுவே. முதல் நாள் மாலை நன்றாக நீர் ஊற்றுங்கள். மறுநாள், மழையில்லாத காலையில் தொடங்குங்கள்.

1. காய்ந்தவற்றை எல்லாம் முதலில் எடுங்கள். பச்சை தெரியும் வரை வெட்டிக்கொண்டே இறங்குங்கள். வெட்டு முகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும்.

2. ஒன்றோடொன்று உரசும் இரண்டு கிளைகளில் மெலிந்ததை எடுங்கள். உள்நோக்கி, செடியின் நடுவை அடைத்துக்கொண்டு போகும் கிளைகளையும் அடியோடு எடுங்கள். நடுவில் காற்று புகாத செம்பருத்தியில்தான் மாவுப்பூச்சி குடியேறும்.

3. மிஞ்சிய தடித்த தண்டுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால், மிக வயதான இரண்டை மட்டும் தரையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். அடுத்த வருடம் இரண்டு, அதற்கடுத்த வருடம் கடைசி இரண்டு. மூன்று வருடத்தில் முழுச்செடியும் இளமையாகிவிடும். எந்த வருடமும் பூ நிற்காது. வலுவான செடி முழுவதையும் ஒரே நாளில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் பிழைக்கலாம். பலவீனமான செடியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

4. மற்ற தண்டுகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கணுவுக்கு மேல் அரை செ.மீ. விட்டு, கணுவின் மறுபக்கம் நீர் வழியும்படி லேசான சரிவாக வெட்டுங்கள். அந்தக் கணுவின் மொட்டு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அது பார்க்கும் திசையில்தான் புதுக்கிளை போகும். கணுவுக்கு மேல் 3 செ.மீ. குச்சி விட்டால் அது காய்ந்து, அழுகல் கீழே இறங்கும். மிக ஒட்டி வெட்டினால் மொட்டே காய்ந்துபோகும்.

5. ரம்பம் வேண்டிய தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். பாரத்தில் முறிந்து தோலை உரித்துக்கொண்டு விழும். வெட்ட வேண்டிய இடத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி அடிப்பக்கம் கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை விழ விடுங்கள். கடைசியாக மிஞ்சிய குட்டையை, தாய்த்தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் மடிப்பைக் காயப்படுத்தாமல் அறுங்கள். காயத்தை மூடி வளர்வது அந்த மடிப்புத்தான். வெட்டு வாயில் பெயின்ட் பூசத் தேவையில்லை.

தடித்த தண்டில் பேனா முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகளும், சுற்றிலும் கறையோ பிசினோ மரத்தூளோ தெரிந்தால் அது ஷாட் ஹோல் போரர் வண்டாக இருக்கலாம். இந்நாட்டில் 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். அந்தக் கட்டையை விறகுக்கோ பிராய் அடுப்புக்கோ வேறு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வண்டு கூடவே போகும். சிறு துண்டுகளாக்கி, கண்ணாடிபோல ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக மூடி, பல வாரம் கடும் வெயிலில் போடுங்கள்.

பூஜைக்குப் பூ நிற்காமல்

வெட்டிய செம்பருத்திக் கிளை மறுபடி பூக்க இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். ஆவணியில் முழுச்செடியையும் வெட்டினால் புரட்டாசி விரதம் முழுக்கப் பூ இருக்காது. பூஜைக்குச் சொந்தச் செடியை நம்பும் வீடுகள், ஆகஸ்ட் கடைசியில் கிழக்குப் பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டி, புரட்டாசி முடிந்து அக்டோபர் நடுவில் மேற்குப் பக்கத்தை வெட்டலாம். அதற்குப் பின் நுனிகூடக் கிள்ள வேண்டாம். அப்போதுதான் தைப்பூசக் காவடிக்கு, ஜனவரி பிப்ரவரியில், செடி முழுப் பூவில் நிற்கும்.

வெட்டிய பிறகு

இந்தக் கட்டத்தில்தான் அன்பால் செடியைக் கொல்வார்கள். இலை குறைந்த செடிக்குக் குறைவான நீர் போதும். மேல்மண்ணில் விரலை 5 செ.மீ. நுழைத்துப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும் ஆழமாக ஊற்றுங்கள். ஒன்றே ஒன்று கவனம்: ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று ஒரே நாளில் இளந்தளிரைச் சுருட்டிவிடும். அந்த அறிகுறி தெரிந்தால் காலையிலேயே நீர் ஊற்றி, சிறு செடிகளுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

உரம் உடனே வேண்டாம். தளிர் 5 செ.மீ. நீளம் வந்த பிறகு, பூச்செடிக்கென விற்கும் 3:1:5 (26) கலவையைச் சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவி, உடனே நீர் ஊற்றுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மார்ச் வரை இதைத் திருப்பிச் செய்யலாம். பையிலுள்ள எண்கள் விகிதம். அடைப்புக்குள் இருப்பது மொத்தச் சத்தின் சதவீதம். 26ஐ ஒன்பது பங்காக்கினால் தழைச்சத்து மூன்று பங்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒரு பங்கு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஐந்து பங்கு. புதிதாக நடுவதற்கென்று விற்கும் 2:3:2 செம்பருத்திக்கு ஏற்றதல்ல. மணிச்சத்து மிகுந்தால் செடி இரும்பை எடுக்கத் திணறும். புல்தரை உரத்தைப் பூச்செடிக்குப் போடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. தழைச்சத்து மிகுந்து இலை பளபளக்கும், பூ வராது.

மூடாக்காகக் காய்ந்த இலை, புல், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் 5 முதல் 8 செ.மீ. கனத்தில் பரப்புங்கள். தண்டிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், தண்டை ஒட்டி ஈரம் நின்றால் பட்டை அழுகும். இதுவரை நிழலில் இருந்த தண்டு திடீரென வெயில் பட்டால் பட்டை வெடிக்கும், சுவருக்குப் பூசும் வெள்ளை பி.வி.ஏ. பெயின்டில் சம அளவு நீர் கலந்து தண்டில் பூசினால் வெப்பம் தாக்காது.

தைப்பூசப் பூவுக்காக இரு பக்கமாக வெட்டிய செடியைத் தவிர, மற்றவற்றில் புதுக்கிளை ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பூக்கும் நுனிகள் அப்படித்தான் பெருகும். பூ சில வாரம் தள்ளிப்போகும் என்பதால் ஒருமுறை கிள்ளினால் போதும்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

மொட்டு வந்து வந்து உதிர்ந்தால், முதலில் நீர் ஊற்றும் முறையைச் சந்தேகியுங்கள்: மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் குளமாக்குவது. அது சரியாக இருந்தும் உதிர்ந்தால், மொட்டைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டுங்கள். நூலளவுப் பூச்சிகள் ஊர்ந்தால் இலைப்பேன். உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கிப் பையில் கட்டிப் போடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சன்லைட் பாத்திரச் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடியிலும் கவட்டிலும் நனையத் தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தேவைப்படும். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் எறும்பை நிறுத்தாமல் பூச்சி போகாது. இனிப்புநீருக்காக அவைதான் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கின்றன.

கறுப்பும் மஞ்சளும் பட்டையான சிஎம்ஆர் வண்டு கோடையில் வந்து செம்பருத்தி இதழைத் தின்னும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், அதன் சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். கையுறை போட்டுச் சோப்பு நீர் வாளியில் தட்டிவிடுங்கள்.

ரோஜாவில் ஒட்டுப்பகுதிக்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு கிளை விறுவிறுவென வந்தால் அது வேர்ச்செடியின் போத்து. கத்தரியால் வெட்டினால் மறுபடி வரும்; மண்ணை விலக்கி, முளைத்த இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள். ரோஜாவின் கவாத்து மாதமும் வேறு: கடற்கரையில் ஜூன் கடைசி முதல் ஜூலை, ஜொகனஸ்பர்க் பக்கம் ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை. மூன்று நான்கு நல்ல தண்டுகளை முழங்கால் உயரத்தில் நிறுத்துங்கள்.

குண்டுமல்லி கொடிபோல நீண்டு பூக்காமல் நின்றால் வெயில் போதவில்லை. தினம் ஆறு மணி நேரம் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் இலைகளோடு சேர்த்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, தூருக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு போடுங்கள்.

காகிதப்பூவுக்கு நீரைக் குறைத்தால்தான் பூ. ஒரு அலை பூத்து உதிர்ந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, இலை லேசாகத் துவளும் வரை காயவிட்டுப் பிறகு நீர் ஊற்றுங்கள். நந்தியாவட்டைக்கு நுனி கிள்ளினாலே போதும். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வெட்டு மார்ச் நடுவோடு நிற்க வேண்டும். அதற்குப் பின் வெட்டினால் வரும் தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். பனி விழும் ஊர்களில் அது கருகி, அடுத்த ஆவணியில் இன்னும் கீழே இறங்கி வெட்ட வேண்டியிருக்கும்.